கலெக்டருடைய படப்பெட்டி

நெடுங்குளம் பூவராகனுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ஆள் நல்லவன். சொந்த டிராக்டர் உண்டு. வெற்றிலைகூடப் போடமாட்டான். ஒரே குறை, யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடியே செய்துவிடுவான். சந்தேகம் வந்தால் கூட்டாளிகள் கோதண்டத்தையும் வைரக்கண்ணுவையும் யோசனை கேட்பான். அதற்கு டிராக்டரையே கேட்டுவிடலாம் என்பது ஊரார் கருத்து.

அப்படிப்பட்டவனுக்கும் டவுனில் மாவு மில் வைத்திருக்கும் அம்பலவாணன் பெண் கொடுக்க முன்வந்தார். பெண் பெயர் செண்பகவல்லி. அவளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து பூவராகன் மாட்டுக்குக்கூட ஹாரன் அடிப்பதில்லை.

தேதி குறிப்பதற்கு முன்னால் அம்பலவாணன் பஸ்ஸில் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். ‘பனிநாட்டு மகுடம்’ என்ற மந்திர தந்திர வெளிநாட்டுப் படத்தின் மூன்று பாகங்களும் டிவிடியாக அதில் இருந்தன. பின்னாலேயே போனும் வந்தது.

“மாப்பிள்ளை, பெட்டி வந்துச்சா? கலெக்டர்ஸ் எடிஷன்! சிங்கப்பூர்லேர்ந்து வரவழைச்சது. உங்க வீட்ல பிளேயர் இருக்குல்ல?”

“பிளேயருக்கு என்ன பஞ்சம் மாமா? நான், கோதண்டம், வைரக்கண்ணு, மூணு பேருமே கபடி பிளேயருங்கதான்.”

மில் இரைச்சலில் அவருக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. “ரொம்ப நல்லது. பிரிச்சு, ஒவ்வொண்ணாப் போட்டுப் பாருங்க. ஓடுதான்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்துடறோம்.”

மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“கலெக்டரோட பொருள் நம்மகிட்ட எப்படி வந்துச்சு?” என்றான் கோதண்டம்.

“மாமா எடுத்துட்டு வந்துட்டாரோ?” என்றான் பூவராகன்.

“சேச்சே. கலெக்டர் மாவு அரைக்க வந்திருப்பாரு. மறந்து வெச்சுட்டுப் போயிருப்பாரு,” என்றான் வைரக்கண்ணு.

“அதைப் பிரிச்சோம்னா குண்டாஸ்ல போட்டுடுவாங்கடா,” என்றான் கோதண்டம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில், பட்டா கேட்பவர்களுக்கும் பாதை கேட்பவர்களுக்கும் நடுவே பெட்டியோடு வரிசையில் நின்றார்கள். கலெக்டர் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன குறை?”

“குறையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. உங்க எடிஷன்.”

அவர் பெட்டியைப் பார்த்தார். மூவரையும் பார்த்தார். பிறகு மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இது என்னுது இல்லப்பா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நீங்களே பிரிச்சுப் பாருங்க.”

அரசாங்க உத்தரவே கிடைத்துவிட்டது. வந்ததும் பிரித்தார்கள். உள்ளே பளபளவென்று மூன்று தட்டுகள்.

“மாமா போட்டுப் பாருங்கன்னாரு. எவ்வளவு உயரத்துலேர்ந்து போடறது?” என்றான் பூவராகன்.

“சம்பந்தம் பண்ற இடம். மரியாதையா மாடியிலேர்ந்தே போடுவோம்,” என்றான் வைரக்கண்ணு.

முதல் தட்டு ‘பட்’டென்று தெருவில் விழுந்து அப்படியே கிடந்தது.

“ஓடலையே!” பூவராகனுக்குச் செண்பகவல்லி வேறு யாருடைய வண்டியிலோ ஏறிப் போவதுபோல் இருந்தது.

“குப்புறப் போட்டா எதுடா ஓடும்? டயர் மாதிரி நிறுத்தி விடணும்,” என்றான் கோதண்டம்.

தெருவில் இறங்கி நிறுத்தி விட்டார்கள். ஓடியது. என்ன ஓட்டம்! சாயங்காலம் பூவராகன் வாயெல்லாம் பல்லாக மாமாவுக்குப் போன் செய்தான்.

“முதல் பாகம் பிரமாதம் மாமா. ரேஷன் கடை வரைக்கும் நிக்காம ஓடுச்சு.”

“ஓடாம? ரேஷன் கடைப் பக்கத்துல தியேட்டர் இருக்கா? ரெண்டாவது?”

“அது கொஞ்சம் தள்ளாடுது. வழியில படுத்துடுச்சு.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மூணாவது?”

“மூணாவது நேரா சாக்கடையில விழுந்துடுச்சு மாமா.”

“அடடா, கடைசிப் பாகத்தைச் சொதப்பிட்டானா! உங்களுக்கு நல்ல ரசனை மாப்பிள்ளை.”

சாக்கடையில் விழுந்ததை அப்படியே பெரிய மனிதருக்குக் காட்ட முடியுமா? சாம்பலும் தேங்காய் நாருமாக மூன்று தட்டுகளையும் பாத்திரம் துலக்குவதுபோலத் துலக்கி வெயிலில் காய வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்பலவாணன் மனைவி, மகளோடு வந்து இறங்கினார். டிவிக்கு அடியில் பிளேயர் இல்லாததைக் கண்டு, எதிர்வீட்டு ஸ்டுடியோக்காரரிடம் இரவல் வாங்கி அவரே முதல் பாகத்தைச் செருகினார். அப்போதுதான் பூவராகனுக்கு விஷயம் லேசாகப் புரிந்தது.

படம் வந்தது. ராஜகுமாரன் ஒருவன் பறக்கும் நாகத்தின் முன்னால் வாளை ஓங்கினான். ஓங்கினவன் ஓங்கினபடியே நின்றான். நாகமும் வாயைத் திறந்தபடி நின்றது.

காபி வந்தது. பஜ்ஜி வந்தது. ராஜகுமாரன் கையை இறக்கவில்லை. பூவராகன் செண்பகவல்லியைத் திரும்பிப் பார்க்கவும் பயந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்பலவாணன் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தார். “எக்ஸ்டெண்டட். அதாவது, நீட்டிச்சிருக்கான். தியேட்டர்ல ஒரு வெட்டுல முடிச்சிருப்பான். இதுல நிதானமா எடுத்திருக்கான்.”

“நீங்க முன்னாடியே பார்த்திருக்கீங்களா மாமா?” என்றான் பூவராகன்.

“எங்க? பிரிச்சா மவுசு போயிடும்னு பீரோவுலயே வெச்சிருந்தேன்.”

“வெட்டுவானா, மாட்டானா?” என்று கோதண்டம் நகம் கடித்தான்.

“வெட்ட மாட்டான். பாம்பு கண்ணுல தண்ணி நிக்குது பாரு,” என்றான் வைரக்கண்ணு. அம்பலவாணன் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. அம்பலவாணன் எழுந்து நின்று கை தட்டினார்.

“டைரக்டர்னா இவன்! ரத்தத்தைக் காட்டாம விளக்கை அணைச்சுட்டான் பாருங்க!” என்றவர், இருட்டிலேயே பூவராகனின் கையைத் தேடிப் பிடித்தார். “தை மாசமே முகூர்த்தம் வெச்சுடுவோம் மாப்பிள்ளை.” அவர் பிடித்திருந்தது வைரக்கண்ணுவின் கை. அவனும் “ஆகட்டும் மாமா” என்றான்.

கரண்ட் வந்தது. பிளேயர் தூங்கிப்போக, டிவி முழுக்க வெறும் நீலமாக நின்றது. பூவராகன் பதறிப்போய் அணைக்கக் கையை நீட்டினான்.

“தொடாதீங்க!” என்று தடுத்தாள் செண்பகவல்லி. “ரெண்டாம் பாகம் ஆரம்பிச்சுடுச்சு. கடல்ல போறாங்க.”

எல்லாரும் அவசரமாக மறுபடி உட்கார்ந்தார்கள்.

“ஒரு அலைகூட இல்லையே,” என்றான் பூவராகன்.

“புயல் வரப்போகுது,” என்றார் அம்பலவாணன். “அந்த ஜன்னலைச் சாத்துங்க.”