ஒற்றை நாற்காலி அறை

சீடருக்குக் குருவைவிட இருபது வயது அதிகம்.

குருவின் பெயர் பூங்கோதை. சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்குத் திரும்பியவர். அந்த ஊர் ராமநாதபுரம் பகுதியில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இசைத்தட்டு போடுவார். வருகிறவர்கள் பாயில் உட்கார்ந்து கேட்பார்கள். முடிந்ததும் யாராவது சந்தேகம் கேட்டால் பதில் சொல்வார். பெரும்பாலும் சொல்லமாட்டார். அதற்காகவே அவரை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள் என்று நினைக்கிறேன்.

சீடர் குழந்தைவேலு. பீளமேட்டில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருந்தவர். அதை மகன் கையில் கொடுத்த பிறகு அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு பைத்தியம். பாடகிகளின் குரல். ஆண் குரல் பக்கம் அவர் தலைவைத்தும் படுப்பதில்லை.

"ஸ்பீக்கரோட யோக்கியதை பொம்பளைக் குரல்லதானுங்க தெரியும்" என்பார்.

ஒவ்வொரு பாடகிக்கும் அவரிடம் ஓர் அடையாளம் உண்டு. பாலகுஜாம்பாள் என்றால் வரிக்கு முன்னால் இழுக்கும் மூச்சு. மரகதவேணி என்றால் 'ச' சொல்லும்போது பல்லிடுக்கில் காற்று உரசும் சத்தம். எந்த வருஷத்து இசைத்தட்டில், எந்த ஊரில் அச்சானதில் அது நன்றாகக் கேட்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஒருமுறை டீச்சர் கேட்டார்:

"மரகதவேணி என்ன பாடறாங்க அதுல?"

"அது ஏதோ சாமி பாட்டுங்க."

"எந்தச் சாமி?"

குழந்தைவேலு யோசித்தார். முருகனாகத்தான் இருக்க வேண்டும் என்றார். டீச்சர் தலையாட்டிக்கொண்டார்.

ஆனாலும் குழந்தைவேலு உயிரை வைத்திருந்தது ஒரே ஒருத்தி மேல்தான். ஆத்தூர் சுந்தரவல்லி. அந்த அம்மாள் அதிகம் பாடியதில்லை. பாடியதில் ஒரு பாட்டு, குரல் மட்டும் தனியாகத் தொடங்கும்.

*முல்லைக்கு நீர் வார்த்தேன்,*
*முன்வாசல் கோலமிட்டேன்,*
*சொல்லிவிட்டுப் போனவர்…*

'போனவர்' என்று மேலே ஏறும் இடத்தில் அவள் கை வளையல் தம்புராவில் லேசாகப் படும். ணிங் என்று ஒரு சத்தம். அந்த ஒரு சத்தத்துக்காகக் குழந்தைவேலு செலவழித்ததில் பட்டறைக்கு ஒரு புது இயந்திரமே வாங்கியிருக்கலாம்.

ஒரு தை மாதம் அவர் டீச்சரின் அறைக்குத் தனியாக வந்தார். மற்றவர்கள் யாரும் இன்னும் வரவில்லை. பாயில் உட்காராமல் சன்னலோரம் நின்றார்.

"வளையல் காணாமப் போச்சுங்க டீச்சர்."

"எந்த வளையல்?"

"சுந்தரவல்லி வளையல். மொதல்ல ரெக்கார்டு தேஞ்சு போச்சுன்னு நெனச்சு வேற வாங்கினனுங்க. அதுலயும் இல்ல. ஊசிய மாத்தினேன். ஒயரு மாத்தினேன். சிங்கப்பூர்ல இருந்து ஒண்ணு வரவழைச்சேன். அதே பாட்டுல ஒம்பது ரெக்கார்டு ஆயிப்போச்சு, எதுலயும் வளையலக் காணம்."

"அப்புறம்?"

"அப்புறந்தான் காது டாக்டர்கிட்டப் போனேன்."

அவர் வலது காதைத் தொட்டுக்காட்டினார். கண் கலங்கிவிட்டது. பட்டறையில் அத்தனை வருஷம் இரும்புச் சத்தத்தில் நின்ற காது. மெல்லிய சத்தங்கள் முதலில் போகும், மற்றது பின்னால் போகும், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இருக்கற வரைக்கும் ஒண்ணே ஒண்ணக் கேட்டுக்கறேனுங்க. மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம். அந்த ஒம்பதுல எது ஒசத்தின்னு எங்காதை நம்பிச் சொல்ல முடியல. உங்க காது சொன்னா நான் நம்பறேன். எது டீச்சர்?"

பூங்கோதை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை நாளில் அவர் இந்த மனிதரை இப்படிப் பார்த்ததில்லை.

"அடுத்த வாரம் உங்க வீட்டுக்கு வர்றேன்" என்றார்.

டீச்சர் யார் வீட்டுக்கும் போகிறவர் அல்ல. குழந்தைவேலுவுக்குக் கை கால் ஓடவில்லை.

பீளமேட்டு வீட்டில் அந்த அறை மேற்கு மூலையில் இருந்தது. சுவரெல்லாம் கெட்டித் துணி. சன்னலுக்கு இரட்டைத் திரை. எதிர்ச் சுவரோரம் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதன் கால்கள் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"இங்க உக்காந்தாத்தானுங்க அவங்க நேரா நடுச்சுவத்துல வந்து நிப்பாங்க. ஒரு சாண் நகந்தாலும் பக்கத்துல சாஞ்சுருவாங்க. உக்காருங்க டீச்சர்."

டீச்சர் உட்கார்ந்தார்.

ஓர் அம்மாள் இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்தார். குழந்தைவேலுவின் மனைவி தெய்வானை. வாசற்படி வரை வந்தார். உள்ளே வரவில்லை. நிலைக்கு வெளியே இருந்த ஸ்டூலில் டம்ளர்களை வைத்துவிட்டு, "வாங்க அம்மிணி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

"உள்ள வர மாட்டாங்களா?" என்றார் டீச்சர்.

"நடந்தா தரை அதிருமுங்க. ஊசி குதிச்சுரும். அவளுக்கே அது தெரியும்."

குழந்தைவேலு கதவைச் சாத்தப் போனார்.

"அது தெறந்தே இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

வெளிச்சத்தம் வருமே என்று அவர் தயங்கினார். குரு சொல்லைத் தட்ட முடியவில்லை. முதல் இசைத்தட்டைத் துடைத்து வைத்து ஊசியை இறக்கினார்.

சுந்தரவல்லி நடுச்சுவரில் வந்து நின்றாள். முல்லைக்கு நீர் வார்த்தாள். கோலமிட்டாள். 'சொல்லிவிட்டுப் போனவர்' என்று ஏறினாள். வளையல் பட்டது. டீச்சருக்குக் கேட்டது. குழந்தைவேலு டீச்சரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் முடிந்த கணத்தில் அவர் கை தானாகப் போய் ஊசியைத் தூக்கியது.

"ஏன் நிறுத்தறீங்க?"

"இதுக்கு மேல மிருதங்கம் வந்துருங்க. குரல் தனியாக் கெடைக்காது. வளையல் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

அவர் பெருமூச்சு விட்டார். இரண்டாவதை எடுத்தார். அதே வரிகள். அதே இடத்தில் ஊசி எழுந்தது. மூன்றாவது. நான்காவது. ஒவ்வொன்றுக்கும் அவர் குனிந்து, துடைத்து, ஊதி, ஊசியின் எடை சரிபார்த்து வைக்கிறவரைக்கும் அறை சும்மா இருந்தது.

சும்மா இருந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சமையலறையிலிருந்து முருங்கைக்கீரை ஆய்கிற தெய்வானையின் குரல் மெல்ல வந்துகொண்டிருந்தது. முல்லைக்கு நீர் வார்த்தேன். முன்வாசல் கோலமிட்டேன். பெரிய குரல் இல்லை, ஆனால் சுருதி பிசகவில்லை. சொல்லிவிட்டுப் போனவர் என்று வந்ததும் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முல்லையிலிருந்து தொடங்கும். மறுபடி அதே இடத்தில் நிற்கும்.

ஐந்தாவது முடிந்தபோது டீச்சர் எழுந்தார். செருப்பில்லாத காலோடு நேரே சமையலறைக்குப் போனார். என்ன தப்பு நடந்துவிட்டதோ என்று குழந்தைவேலுவும் இசைத்தட்டும் கையுமாகப் பின்னால் போனார்.

"அக்கா, மீதியையும் பாடுங்க" என்றார் டீச்சர்.

தெய்வானை வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அய்ய, அது உங்களுக்குக் கேட்டுருச்சா? மீதி எனக்குத் தெரியாதுங்க அம்மிணி."

"தெரியாதா?"

"அவரு அதோட எடுத்துருவாருங்களே. கல்யாணமாகி வந்த வருசத்துல இருந்து எனக்கு அந்தப் பாட்டு அவ்வளவுதான்."

"கேட்டிருக்கலாமே அவருகிட்ட."

"கேக்கோணும்னு இருந்தேன். கதவச் சாத்தீட்டு உள்ள இருப்பாரு. நான் போனா ஊசி குதிக்கும். பொறவு வெளிய வந்ததும் பட்டறை, ஆளு, கரண்டு, அதுவே சரியாப் போயிரும். பெருசா ஒண்ணுமில்லீங்க. ஆனா கீரை ஆயும்போது தோணும். சொல்லீட்டுப் போனவரு வந்தாரா, வல்லையான்னு."

"என்னன்னு நெனச்சுக்குவீங்க?"

"அன்னன்னைக்கு ஒண்ணுங்க. இவரு மேல கோவமா இருந்தா, வல்லைன்னு வெச்சுக்குவேன்."

சொல்லிவிட்டுத் தெய்வானை சிரித்தார். டீச்சரும் சிரித்தார். பிறகு டீச்சர் குழந்தைவேலு பக்கம் திரும்பினார்.

"வந்தாராங்கண்ணா?"

குழந்தைவேலு வாயைத் திறந்தார். எப்போதோ, முதன்முதலில் வாங்கிய அன்று, முழுதும் கேட்டிருக்க வேண்டும். நினைவில்லை. கையிலிருந்த இசைத்தட்டைப் பார்த்தார். அதில் எழுதியிருக்கவா போகிறது.

"தெரியலீங்க" என்றார்.

"என்னது?" என்றார் தெய்வானை.

"எனக்குந் தெரியாது புள்ள."

தெய்வானை ஒரு கணம் அவரையே பார்த்தார். தன்னிடமிருந்து ஒளித்துவைத்திருக்கிறார் என்று இத்தனை காலம் நினைத்த பொருள் அவரிடமும் இல்லை என்று தெரிந்துகொண்ட முகம். கோபப்படுவதா, பாவம் என்பதா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு டீச்சரிடம் சாதாரணமாகச் சொன்னார்:

"பாருங்க அம்மிணி, போன தீவாளியில இருந்து நான் சத்தமாத்தான் பேசறேன். பக்கத்து ஊட்டுக்காரி, ஏனக்கா சண்டையான்னு கேக்கறா. நாலுதரம் கூப்பிட்டா ஒருதரம் திரும்புவாரு. அதுக்கெல்லாம் டாக்டருகிட்டப் போகலை. வளையல் சத்தம் கேக்கலேன்னதும் ஓடுனாரு."

அதில் குத்தல் இருந்ததா என்று கேட்டால், இல்லை. அப்படிச் சொன்னதுதான் அதிகம் வலித்தது. எப்போதிலிருந்து இவள் சத்தமாகப் பேசுகிறாள் என்று குழந்தைவேலு யோசித்தார். தீபாவளி அன்று இவள் என்ன பேசினாள் என்பதே நினைவுக்கு வரவில்லை. சுந்தரவல்லியின் வளையல் எந்த வாரத்திலிருந்து கேட்கவில்லை என்று மட்டும் கிழமையோடு நினைவிருந்தது.

கீரைக் காம்புகளைத் தெய்வானை முறத்தில் ஒதுக்கினார். கையில் இரண்டு கண்ணாடி வளையல்கள். முறத்தில் இடித்தன. சத்தம் வந்திருக்க வேண்டும். குழந்தைவேலு காதைச் சாய்த்துப் பார்த்தார். அவருக்கு வரவில்லை.

"வா" என்றார். "வா, முழுசாக் கேக்கலாம்."

"கீரை கெடக்குது."

"கெடக்கட்டும்."

தெய்வானை டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தாமே பருப்பு வெந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தார்.

மூவரும் அறைப் பக்கம் வந்தார்கள். குழந்தைவேலு ஒன்பதையும் மேசைமேல் பரப்பினார். கை ஒன்றைத் தொட்டது, விட்டது, வேறொன்றுக்குப் போனது. பழக்கம் விடுமா?

"எதைப் போடட்டும் டீச்சர்? எது ஒசத்தின்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லீங்களே."

"அக்கா எங்க உக்காருவாங்க?" என்றார் டீச்சர்.

அப்போதுதான் குழந்தைவேலு கவனித்தார். தெய்வானை நிலைக்கு வெளியே, காபி ஸ்டூலுக்குப் பக்கத்தில், வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

குழந்தைவேலு ஓடிப்போய்ச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்தார். தன் நாற்காலிக்குப் பின்னால் போட்டார். பிடிக்கவில்லை. முன்னால் போட்டார். அதுவும் சரியில்லை. பிறகு பக்கத்தில் போட்டார். அதற்கு இடம் விடத் தன்னுடையதைச் சாக்பீஸ் வட்டத்திலிருந்து நகர்த்த வேண்டியிருந்தது. ஒரு சாண் நகர்த்தினார். நிமிர்ந்து இரண்டு ஸ்பீக்கர்களையும் பார்த்தார். மறுபடி நாற்காலிகளைப் பார்த்தார்.

டீச்சர் அதற்குள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாட்டக் கேக்கலீங்களா டீச்சர்?"

"நீங்க கேளுங்க."

குழந்தைவேலு வாசல் வரைக்கும் வந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ரெண்டு நாற்காலி போட்டா, ரெண்டு பேருக்குமே நடு கெடைக்காதுங்களே டீச்சர்?"

டீச்சர் படி இறங்கினார்.

"கெடைக்காதுங்கண்ணா" என்றார்.