இசக்கியம்மா வச்ச கட்டை

ஒரு ஊர்ல ஒரு தச்சுப் பட்டறை. அங்க மரத்துக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை இசக்கியம்மாவுக்கு. பட்டறைக்காரர் வேலாண்டி ஆசாரி. ம் கொட்டு.

அவர் பள்ளிக்கூடத்துக்குப் பத்து பெஞ்சு செஞ்சார். பெஞ்சுக் கால்ல நாக்கு மாதிரி அறுத்து, பலகைக் குழியில சொருகணும். அவசரத்துல அறுத்தார், நாக்கு லொடலொடன்னு ஆடுச்சு. "மரத்தூளைப் பசையில குழைச்சு அப்பு, யாருக்குத் தெரியப்போகுது"ன்னார். இவளும் அப்பினா.

அப்புறம் ஒருநாள் வகுப்புல 'மடக்'! ஒரு பெஞ்சு சாஞ்சு, இசக்கியம்மா மகளுக்கே கை ஒடிஞ்சுபோச்சு.

வந்துச்சு பாரு கோவம்! அவர் மேல பாதி, தன் மேல பாதி. உடைஞ்ச பெஞ்சைத் தூக்கியாந்து பட்டறை நடுவுல 'தொப்'புன்னு போட்டா.

"மத்த ஒம்பதையும் பிரிச்சுச் சரி பண்ணுங்க."

"மரம் ஈரம், நான் என்ன பண்ண? முடிஞ்சா நீ அறுத்துப் பாரேன்."

அறுத்தா. 'கர்ரு கர்ரு'... ரம்பம், வரைஞ்ச கோட்டை விட்டு ஓடிருச்சு. அவர் சிரிச்சார். பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னொரு தடவை. வெட்டு மேல கோட்டுல இருக்கு, கீழ சாஞ்சிருக்கு. இன்னும் சத்தமா சிரிச்சார். தூங்கிட்டியா? ம், கேளு.

மூணாவது தடவை நேரா இழைச்ச தடிக்கட்டை ஒண்ணு எடுத்தா. கோணல் இல்லாம இருக்கான்னு மூலைமட்டம் வச்சுப் பாத்து, கோட்டு ஓரமா கிளாம்ப் போட்டு இறுக்கினா. ரம்பத்தோட கன்னத்தை, அதான் தட்டைப் பக்கத்தை, அந்தக் கட்டையில ஒட்டி வச்சு, 'சர்ரு சர்ரு'... ரம்பம் சாய வழியே இல்ல. அப்புறம் உளியையும் அதே கட்டையில சாத்திக் குழி எடுத்தா. 'டொக் டொக்'. நாக்கு போய் உக்காந்துச்சு, தலைமயிர் நுழையாது!

"ச்சீ, நடைவண்டி பிடிச்சு நடக்குறதெல்லாம் ஒரு தொழிலா?"ன்னார் ஆசாரி.

"நடைவண்டிதான்! புள்ளைங்க விழாம இருக்கணும்ல? வாங்க பள்ளிக்கூடத்துக்கு."

போனாங்க. அத்தனை புள்ளைங்களும் பாக்குது. "நீங்க செஞ்ச பெஞ்சுதானே, உக்காருங்க"ன்னா.

ஆசாரி பெஞ்சைப் பாத்தார். உக்காரல.

"உங்களுக்கே பயமா இருக்குல்ல?"ன்னு கேட்டுட்டு, மரச்சுத்தியல், அந்தக் கொட்டாப்புளியை எடுத்தா. 'படார்! படார்!' ஒம்பது பெஞ்சும் கழண்டு விழுந்துச்சு.

அப்புறம் அவ கட்டையை வச்சு, புதுக் காலா ஒவ்வொண்ணா அறுத்தா. அவர் மரத்தைப் பிடிச்சுக்கிட்டார். அப்பவும் அவ அவர் முகத்தைப் பாக்கல. கோவம் தீந்துச்சான்னு கேக்காத. மக கை கூடுற வரைக்கும் தீரல.

அம்புட்டுதான் கதை. கண்ணை மூடு.