தள்ளி விழுந்த கோடு

இல்ல வேணி, நீ சொல்றது தப்பு. என் உடம்பு ஒண்ணும் இரும்பு கிடையாது. எச்ஐவியோட இருபத்தோரு வருஷம் மாத்திரையே இல்லாம நான் நடமாடினேன்னா, அதுக்குக் காரணம் வேற. "எஸ்தரக்கா இருந்தாங்க, நானும் இருப்பேன்"னு நாலு நாளா மாத்திரைய நிறுத்திட்டு, ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுக்கப்போறேன்னு மாத்திரைப் பைய வண்டியில மாட்டிக்கிட்டு வந்திருக்கியே, உனக்குத்தான் இது. எந்திரிக்காத. முழுசாக் கேளு.

நம்மள மாதிரி ஆளுங்க ரத்தத்தைப் பரிசோதிக்கிற ஆராய்ச்சிக் கூடத்துல சற்குணம்னு ஒரு பெரிய டாக்டர். அவருகிட்ட படிக்க வந்தவ நிலோஃபர். ஆம்பூர்க்காரி. அவங்கம்மா குடுத்துவிட்ட மக்கன் பேடா இனிப்ப ஒருநாள் எனக்கும்... சரி, அது அப்புறம்.

அவ வேலை என்னன்னா, ரத்தத்துல இருக்கற வைரஸ்ல ஒரு பகுதிய எடுத்து, அதைப் பெருக்கி, ஜெல்லி மாதிரி ஒரு பலகையில ஓட விடணும். ரம்ஜானுக்கு அவங்க வீட்டுல கடல்பாசி இனிப்பு பண்ணுவாங்களே, அச்சு அசல் அதேதான். கலரு மட்டும் கிடையாது. விளக்குல வச்சா கோடு கோடா மினுங்கும். எல்லாரோட கோடும் ஒரே வரிசையில நிக்கும். துண்டு சின்னதா இருந்தா மட்டும் தள்ளிப்போயி விழும்.

என் கோடு தள்ளி விழுந்துச்சு.

கலவை கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அவ குப்பையில போட்டுட்டா. மறுபடி ஓட்டினா. அதே. அதையும் போட்டா. பெரிய டாக்டர் குப்பைத்தொட்டிய எட்டிப் பாத்தாரு.

"ரெண்டு தடவையும் எங்க விழுந்துச்சு?"

"ஒரே இடத்துல சார்."

"கை தவறினா ஒரே இடத்துலயாம்மா தவறும்?"

அவ்வளவுதான். என்னைக் கூப்பிட்டு புதுசா ரத்தம் எடுத்தா. நான் கீழ பெஞ்சில உக்காந்து, என் கொழுந்தன் மக கல்யாணத்துல சாம்பார் பத்தாமப் போன கதைய வாட்ச்மேன்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன், மாடியில இருந்து தடதடன்னு ஓடி வர்றா. செருப்பு ஒண்ணுதான் கால்ல இருக்கு.

"எஸ்தரம்மா! காணோம்! ஒரு துண்டையே காணோம்!"

வாட்ச்மேன் லத்தியத் தூக்கிட்டான். "என்னம்மா திருட்டுப் போச்சு?"

"இவங்க வைரஸ்ல ஒரு துண்டு இல்லண்ணே!"

என்னைக் கட்டிப் புடிச்சா பாரு! பெத்த பொண்ணு ஜெசிந்தாகூட அப்படிக் கட்டினதில்ல. அப்புறம் விளக்கிச் சொன்னா. வைரஸ் தன்னைத்தானே நகல் எடுக்குமாம். எடுக்கறப்போ தப்புத்தப்பா எடுக்குமாம். எனக்கு இது வந்ததே ஆஸ்பத்திரியில ஏத்தின ரத்தத்துலதான்; அதைக் குடுத்த புண்ணியவான் உடம்புலயே எப்பவோ ஒரு தப்பு விழுந்து, ஆளை வேகமாச் சாய்க்கிற அந்தத் துண்டே விட்டுப்போச்சு. எனக்கு வந்தது நொண்டி வைரஸ்.

அடேயப்பா! எனக்கு அங்கயே குதிக்கணும்போல இருந்துச்சு. ஏன்னா, எச்ஐவி இருக்கற எல்லாரும் மாத்திரை போடணும்னு உத்தரவு வந்த நேரம் அது. எனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவாங்கன்னு ஆசை. ரெண்டு பேரும் பெரிய டாக்டர் ரூமுக்கு ஓடினோம்.

"சார், நொண்டி வைரஸ் சார்! இவங்களுக்கு மாத்திரை எதுக்கு?"

அவரு அச்சடிச்ச தாள் ஒண்ணை அவகிட்ட குடுத்தாரு. தாள் பூரா ஏ, சி, ஜி, டி. நாலே எழுத்து, கோலப்பொடி இறைச்ச மாதிரி. என் வைரஸோட எழுத்தாம் அது.

"கையால நகல் எடு. டீ வர்றதுக்குள்ள."

"எதுக்கு சார்?"

"எடு. எஸ்தரம்மா, நீங்க சரிபாருங்க."

இங்கிலீஷ்ல அந்த நாலு எழுத்து எனக்கும் தெரியும். கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காந்தேன்.

"ஏ பாப்பா! இங்க ஜி-க்கு ஏ போட்டிருக்க!"

"அவசரத்துல வந்துருச்சும்மா."

"அடிக்காத. அப்படியே இருக்கட்டும்"னாரு டாக்டர். "இப்ப அந்த நகலைப் பாத்து இன்னொண்ணு எடு."

எடுத்தா. அதைப் பாத்து இன்னொண்ணு. டீ வந்துச்சு. ஆடை கட்டிப்போச்சு. ஒரு எழுத்து விட்டா, ஒரு எழுத்து மாத்திப் போட்டா. ஒரு வரியவே ரெண்டு தடவ எழுதிட்டா. எனக்குச் சிரிப்புத் தாங்கல. அவளுக்கு விரல் செவந்துபோச்சு.

"எத்தனை தப்பும்மா?"ன்னு என்னைக் கேட்டாரு.

"பதினொண்ணு சார்."

"கடைசித் தாளும் முதல் தாளும் ஒண்ணா?"

"எங்க சார்? வேற வேற."

நிலோஃபர் குனிஞ்ச தலை நிமிரல. அஞ்சாவது தாளை ஆரம்பிச்சிருந்தா. அவரு டம்ளர அவ பக்கம் நகத்தி வச்சாரு.

"டீ ஆறிப்போச்சு. விரலும் வலிக்குது. ஏம்மா இன்னும் எழுதுற?"

"நீங்க நிறுத்தச் சொல்லலையே சார்."

"அந்த வைரஸுக்கும் நிறுத்துன்னு இன்னும் யாரும் சொல்லலம்மா."

நிலோஃபர் பேனாவ மூடி வச்சுட்டா. தப்புத்தப்பா எழுதி எழுதியே நொண்டி ஒருநாள் ஓட ஆரம்பிச்சுரலாம், நிறுத்துன்னு சொல்றது மாத்திரைதான்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. நானே வாயத் தொறந்து மாத்திரைச் சீட்டு கேட்டேன்; அதைச் சொல்லி அவ இப்பவும் சிரிப்பா.

என்ன வேணி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்ட?

ஏ ஜெசிந்தா! மணி எட்டாச்சு பாரு. என் மாத்திரை டப்பாவ எடு. வாசல்ல வேணி வண்டியில ஒரு பை தொங்குது, அதையும் உள்ள கொண்டா. தண்ணி ரெண்டு டம்ளர்!