எருமை கற்ற இங்கிலீஷ்

அல்லிக் குளத்தங்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிட்டு அடைகாத்து வந்தது. புல் அசைந்தாலும் முதலில் அதற்குத்தான் தெரியும். அது போடும் கூச்சலைக் கேட்டுத்தான் குளத்து விலங்குகள் சிறுத்தையிடமிருந்து தப்பின.

ஒருநாள் ஓர் எருமை தன் கன்றுடன் சேற்றில் இறங்க வந்தது. வந்த அவசரத்தில் முட்டைகளை மிதித்து நசுக்கிவிட்டது. குருவி எருமையின் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையை மிதித்தவர், அடுத்த முட்டைகள் பொரியும்வரை கரையில் நின்று காவல் காக்க வேண்டும். வெயிலோ எருமைக்கு ஆகாது. அது கிளியிடம் ஓடியது. பங்களாக் கூண்டில் வளர்ந்த கிளி அது. நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்ததில் அதற்குத் தலைகால் புரியாது.

"இதுக்குப் போயா கலங்குற? 'சாரி'ன்னு சொல்லிடு" என்றது கிளி.

"அப்படின்னா?"

"செஞ்ச தப்புக்கு வருத்தப்படுறேன்னு அர்த்தம்."

"ஐயோ, வருத்தப்படணுமா?"

"அர்த்தம் பார்த்து யாரு சொல்றா? நீ சொல்லிட்டா எதிராளி 'பரவாயில்லை'ன்னு சொல்லியாகணும். அதுதான் மரியாதை. அதோட விஷயம் முடிஞ்சுது."

எருமை போய், "சாரி" என்றது. மரியாதை தெரியாதவள் என்று பெயர் வாங்கப் பயந்து, குருவியும் "பரவாயில்லைக்கா" என்றது. காவல் வழக்கம் அன்றோடு ஒழிந்தது.

குருவி மறுபடி முட்டையிட்டது. எருமை மறுபடி மிதித்தது. இம்முறை தூரத்தில் வரும்போதே "சாரி" சொல்லிவிட்டது. மிதித்த பிறகு மறந்துவிட்டால் என்ன செய்வது என்ற நல்ல எண்ணம்தான்!

குருவி அழுது ஓய்ந்தது. பிறகு கரையை விட்டுக் குளத்தின் நடுவிலிருந்த பாறைக்குப் போய்விட்டது.

சில நாளில் சிறுத்தை வந்தது. கரையில் கூச்சல் எழவில்லை. எருமை சேற்றில் கண்மூடிச் சுகமாகக் கிடந்தது. கண் திறந்தபோது கன்றைக் காணோம். கரையில் இரத்தம்தான் இருந்தது.

"பாவி, நீ ஏன் கத்தலை?" என்று எருமை பாறையைப் பார்த்துக் கதறியது.

"கரையில காக்க எனக்கு என்னக்கா இருக்கு? நீங்க குடுத்த சாரியையா அடைகாக்கறது?" என்றது குருவி. பிறகு கரையிலிருந்த இரத்தத்தைப் பார்த்தது. "சாரிக்கா" என்று மெல்லச் சொன்னது.

கிளி கிளையிலிருந்து எருமைக்கு எடுத்துக் கொடுத்தது. "ம்… 'பரவாயில்லை'ன்னு சொல்லு. அதுதான் மரியாதை."

எருமை வாயைத் திறந்தது. அந்தச் சொல் வரவேயில்லை.

அது எழுந்து கரையேறி, முட்டைகள் நசுங்கிய இடத்தருகே வெயிலில் போய் நின்றது. மறுநாளும் நின்றது. "சாரி" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. குருவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு காலையில் கரைக்குத் திரும்பி, அதன் நிழலில் முட்டையிட்டது.

வாய் சொன்ன வருத்தத்தை உடம்பு செய்து காட்டாவிட்டால், அது வருத்தமே அல்ல.