கைக்கு வராத கடலை

பாளையங்கோட்டையில் மைதீன் சாரிடம் படிக்கப் போனால் ஒரு தொல்லை உண்டு. நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். மருத்துவ நுழைவுத்தேர்வுக்கு வேதியியலும் உயிரியலும் சொல்லித்தருகிற மனுஷர் இப்படியா இருப்பார் என்று பெற்றோர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். பிள்ளைகள் என்னவோ அவரை விட்டுப் போவதில்லை.

இசக்கிப்பிரியா மட்டும் அன்று விட்டுப் போகத்தான் வந்திருந்தாள். மாதிரி வினாத்தாள்களை எல்லாம் கட்டாகக் கட்டி மேசையில் வைத்தாள்.

"நான் இந்த வருஷம் பரீட்சை எழுதல சார்."

"விண்ணப்பிக்க இன்னைக்குத்தானே கடைசி?"

"ஆமா சார். போடல."

காரணம் அவருக்கும் தெரியும். போன வருஷம் அவளும் பக்கத்து பெஞ்சு கிறிஸ்டியும் ஒரே மதிப்பெண். மிச்சம் இருந்ததோ ஒரே இடம். கணினியில் குலுக்கிப் போட்டார்கள். கிறிஸ்டி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இவள் அன்றைக்குப் பிடித்த அழுகையை இன்னும் முழுசாக விடவில்லை.

"சரி, போ. போறதுக்கு முன்னால இந்த ஒரு தாளைப் போட்டுட்டுப் போ" என்றார் சார்.

நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது. வேதியியல் கேள்விகளைச் சடசடவென்று முடித்தாள்.

"சமநிலைக்கு வந்த வினை நின்னுபோச்சா?" தாளை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல சார். முன்னாலயும் பின்னாலயும் ஒரே வேகத்துல ஓடிக்கிட்டே இருக்கும். வெளிய பார்த்தா சும்மா இருக்கிற மாதிரி தெரியும்."

அவளும் ஒரு வருஷமாக அப்படித்தான் இருக்கிறாள் பாவம். எழுதலாம் என்று ஒரு மனசு, வேண்டாம் என்று ஒரு மனசு.

அடுத்து பரிணாமம். ஒரு சின்னத் தீவு. கறுப்பு அலகும் சிவப்பு அலகுமாகப் பறவைகள். புயலில் முக்கால்வாசி செத்துப்போயின. தப்பியவற்றில் கறுப்பு அலகு ஒன்றுகூட இல்லை. அலகின் நிறத்துக்கும் புயலுக்கும் சம்பந்தமில்லை. நடந்தது என்ன?

'இயற்கைத் தேர்வு' என்று குறித்தாள்.

"இந்த மாதிரிக் கேள்வி எங்க வந்தாலும் நீ இதைத்தான் போடுதே" என்றார் சார். "மரபியல் நகர்வு, அதாவது தற்செயலா மிஞ்சுறதுன்னு விடை பக்கத்துலயே இருக்கு. உன் கண்ணுல படல."

"இருக்கிறது தகுதியானது, போனது தகுதியில்லாதது. தேர்வுன்னா அதான சார்?"

"எந்தத் தேர்வைச் சொல்லுதே?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சார் மேசை இழுப்பறையிலிருந்து மிக்சர் பாக்கெட்டை எடுத்தார். கையை விட்டு ஒரு பிடி அள்ளி விரித்தார். பூந்தி, காராசேவு, ஓமப்பொடி.

"அட, ஒரு கடலைகூட இல்லையே! அந்தக் கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான்."

எரிச்சலாக வந்தது அவளுக்கு. பாக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். "உள்ள கிடக்கே சார்."

"அப்ப ஏன் என் கைக்கு வரல? சொத்தைக் கடலையோ?"

"கடலை நல்லாத்தான் இருக்கு. நீங்க அள்ளினது சின்னப் பிடி."

"கைக்கு வந்த காராசேவு எப்படி?"

அவர் கையிலிருந்த காராசேவைப் பார்த்தாள். கிறிஸ்டியின் மேல் ஒரு வருஷமாக வைத்திருந்த கோபம் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"அதுவும் நல்லாத்தான் சார் இருக்கும்" என்றாள். உடனே பொங்கிவிட்டாள். "அப்ப எல்லாம் குலுக்கல்தானா? நான் ராவும் பகலும் படிச்சது என்னத்துக்கு சார்?"

"கடலை பாக்கெட்டுக்குள்ள எப்படி வந்தது?"

"வறுத்துப் போட்டிருப்பாங்க."

"குலுக்கல்லயா வறுத்தாங்க?"

மின்விசிறி தாள்களைப் படபடக்க அடித்தது. அவள் அவற்றைக் கையால் அழுத்திப் பிடித்தாள். 'இயற்கைத் தேர்வு' என்று குறித்ததை அடித்துவிட்டு 'மரபியல் நகர்வு' என்று குறித்தாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள். விண்ணப்பம் பாதி நிரப்பினபடி அதிலேயே கிடந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தவள் ஏன் அதை அழிக்காமல் வைத்திருந்தாள் என்று சார் கேட்கவில்லை.

மீதியை நிரப்பினாள். சமர்ப்பிக்கும் பொத்தானுக்கு மேலே கட்டைவிரல் நின்றுவிட்டது.

"சார், இந்தத் தடவையும் கைக்கு வராமப் போச்சுன்னா?"

சார் பாக்கெட்டுக்குள் தேடி ஒரு கடலையை எடுத்தார். ஊதித் தோலை நீக்கி அவள் முன்னால் வைத்தார்.

"அப்பவும் அது கடலைதான், தாயி."