பாதம் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் பேச்சு உண்டு. வயிறு சோறு கேட்கும், முதுகு முனகும், பாதம் முள்ளைப் பார்த்தாலே ஊரைக் கூட்டும்.

வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் பதம் பார்ப்பவன் தவசி. மற்றவர்கள் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். அவனுக்கு அது கௌரவக் குறைவு. கொப்பரைக்குக் கொப்பரை அகப்பையை நக்கித்தான், "இறக்கலாம்" என்பான். அந்த நாக்குக்கு அப்படியொரு மரியாதை.

வருஷங்கள் போயின. தவசிக்குத் தாகம் அடங்கவில்லை. ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. ஒருநாள் இடது பாதம் கூப்பிட்டது.

"தவசி, கூடப் பிறந்தவன் சொல்றேன். ரத்தத்துல இனிப்பு மிஞ்சிப்போச்சு. சதைக்குள்ள நுழைய வழியில்லாம சுத்திச்சுத்தி வருது. நரம்பை அரிக்குது, ரத்தம் ஓடுற குழாயைத் தடிக்க வைக்குது. கடைக்கோடியில கிடக்கிற எனக்கு ரத்தமே சரியா வரல. எரியுது. நக்குறதை நிறுத்து."

நாக்கு சிரித்தது. "மண்ணை மிதிக்கிறவனுக்குப் பதத்தைப் பத்தி என்ன தெரியும்? பொறாமை!"

"கால் சொல்றதைக் கேளுங்க," என்றாள் மனைவி பேச்சி. "தண்ணியில விட்டுப் பார்த்தா கையா ஒடிஞ்சிடும்?"

"அப்புறம் எவன் வேணா பதம் பார்ப்பான். நான் எதுக்கு?"

பாதம் ஓயவில்லை. கொட்டகையில் எல்லோர் முன்னாலும் கத்தியது. கூலியாட்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தவசிக்கு மானம் போயிற்று. ஓர் அகப்பை பாகை மடமடவென்று குடித்துவிட்டு, பாதத்தைத் தரையில் ஓங்கி அடித்தான்.

"இனி வாயைத் திறந்தே, நீ என் காலே இல்ல!"

"சரி," என்றது பாதம். "இனிப்பு மிஞ்சின உடம்புல இனி நான் பேசல."

அப்புறம் எரிச்சல்கூட இல்லை. "பார்த்தியா, சரியாப்போச்சு," என்று பேச்சியிடம் பீற்றிக்கொண்டான்.

ஒருநாள் அடுப்பு வாயருகே அவன் நின்றிருந்தபோது பேச்சி அலறினாள். "என்னங்க, சதை கருகுற வாடை!" குனிந்து பார்த்தான். கங்கின் மேல் நின்றிருந்தான்.

புண் ஆறவில்லை. ரத்தம் எட்டாத இடத்தில் எப்படி ஆறும்? கருத்தது, அழுகியது, கணுக்காலுக்கு மேலே ஏறியது. வைத்தியர் கத்தியைத் தீயில் காய்ச்சும்போது தவசி பாதத்தை மடியில் தூக்கி வைத்துக் கெஞ்சினான்.

"வலிக்குதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுடா."

அழுததெல்லாம் நாக்குதான். பாதம் பேசவேயில்லை.

அன்று முதல்தான், சர்க்கரை ஏறிய உடம்பில் முள் தைத்தாலும் நெருப்புச் சுட்டாலும் பாதம் வாய் திறப்பதில்லை. தினமும் குனிந்து புரட்டிப் பார்த்துக்கொள்வது அவரவர் பாடு.