ஒரே பிரதி

திருக்களாவூர் மடத்தில் வயது கணக்கில்லை. யார் யாரை விழுந்து வணங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அதன்படி அறுபத்து மூன்று வயது ஒப்பிலாமணித் தம்பிரான், முப்பத்து மூன்று வயது குருவைத் தினமும் காலையில் விழுந்து வணங்கினார். எழுந்திருக்கும்போது முழங்கால் ஒரு சத்தம் கொடுக்கும். குரு அதைக் கேட்காதது போல் இருப்பார்.

குருவின் பெயர் சிற்றம்பல தேசிகர். மடத்தில் எல்லோரும் அவரைச் சந்நிதானம் என்றுதான் அழைப்பார்கள். துறவுக்கு முன்னால் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். தம்பிரானோ தர்க்கத்தில் கரை கண்டவர். ஆனால் மடத்தின் ஒரே கணினி தம்பிரானின் பொறுப்பில் இருந்தது. மடங்களில் பொறுப்புகள் அப்படித்தான் போய்ச் சேருகின்றன.

ஒரு திங்கட்கிழமை குரு அவரைக் கூப்பிட்டு, பழைய உரையை அச்சில் கொண்டுவரப்போவதாகச் சொன்னார். அச்சகத்துக்காரர் வியாழக்கிழமை வருகிறார்.

பழைய உரை என்பது இருநூற்றுப் பன்னிரண்டு ஏடுகள் கொண்ட ஒரு சுவடி. முதல் ஏடு என்றோ தொலைந்துவிட்டது. அதனால் நூலுக்குப் பெயரும் இல்லை, எழுதியவருக்குப் பெயரும் இல்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் தம்பிரான் ஒவ்வோர் ஏட்டையும் படம் எடுத்து ஒரு சிடியில் பதிந்து வைத்திருந்தார். அந்த சிடியைக் கொடுத்தால் போதும் என்றார் குரு.

தம்பிரான் சரி என்றார். அறைக்குப் போய் சிடியைக் கணினியில் போட்டார். டிரைவ் கொரகொரவென்று இரைந்தது, நின்றது, மறுபடி இரைந்தது. பிறகு சிடியைப் போடும்படி திரையில் எழுதிக் காட்டியது.

போட்ட பிறகு போடு என்று கேட்பது எந்த நியாயத்திலும் சேராது என்று தம்பிரான் நினைத்தார். அடுத்த கணம் அவருக்கு வியர்த்தது.

ஏனென்றால் ஏடுகள் இல்லை.

படம் எடுத்து முடித்த ஆண்டு, ஆடிப் பெருக்கன்று, தொட்டால் உதிரும் நிலையில் இருந்த அந்தச் சுவடியைப் பட்டுத்துணியில் சுற்றி, மஞ்சள் நீர் தெளித்து, அவரே ஆற்றில் விட்டுவிட்டார். சிதைந்த ஏடுகளை அப்படி விடுவது பழைய வழக்கம்தான். யாரிடமும் சொல்லாமல் விடுவது வழக்கமில்லை. அப்போதைய குரு படுக்கையில் இருந்தார். அவரிடம் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் காலமாகிவிட்டார். புதியவரிடம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. ஏட்டுப் பெட்டி பூட்டியபடியே அலமாரியில் இருந்தது. சாவி தம்பிரானின் இடுப்பில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவர் சிடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். நாலாவது தடவை போட்டபோது டிரைவின் தட்டு உள்ளே போய்த் திரும்ப வெளியே வரவில்லை.

புதன்கிழமை மதியம் வேறு வழியில்லாமல் குருவிடம் போனார்.

"சிடி படிக்கலை, சந்நிதானம். உள்ளேயே மாட்டிக்கிச்சு."

"பழுது சிடியிலா, டிரைவிலா?"

"டிரைவில்தான்."

பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. குரு தலையை நிமிர்த்தினார்.

"எப்படித் தெரியும்?"

இது தம்பிரானுக்குப் பழகிய கேள்வி. ஒன்றை அறிய வழி மூன்று: காட்சி, கருதல், உரை. மலையில் புகை தெரிந்தால் நெருப்பு இருக்கிறது என்று கருதுகிறோம். டிரைவில் இரைச்சல் கேட்பதால் பழுது அங்கேதான் என்று கருத வேண்டும். தவிர, டவுனில் இருக்கும் மெக்கானிக்கும் போனில் அதையேதான் சொன்னார். அது உரை. இப்படி விளக்கிவிட்டு, தம்பிரான் தாமே திருப்தி அடைந்தவர் போல நின்றார்.

"காட்சி?" என்றார் குரு.

"உள்ளே நடக்கிறது கண்ணுக்குத் தெரியாதே."

"மூடியிருந்தா தெரியாதுதான். ஒரு ஸ்க்ரூ டிரைவர் தேடிக் கொண்டாங்க."

எழுந்துகொண்டே குரு, பயப்பட ஒன்றுமில்லை, சிடி போனாலும் ஏடு இருக்கிறது, புதிதாகவே படம் எடுத்துவிடலாம், இப்போது கேமராவெல்லாம் எவ்வளவோ தேவலை என்று சொன்னார். பழைய படங்களே மிக நன்றாக இருக்கும் என்று தம்பிரான் இரண்டு முறை சொன்னார்.

மடத்தின் தலைவர் கணினி அறையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. மின்சாரத்தை நிறுத்தி, வயர்களைப் பிடுங்கி, பெட்டியைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். தம்பிரானின் பையிலிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கி அதன் கம்பியை நேராக்கினார். டிரைவின் முகப்பில் கடுகு நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. பதினோரு ஆண்டுகளாகத் தம்பிரான் அதைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் செய்தவன் விட்ட குறை என்றுதான் நினைத்திருப்பார். குரு கம்பியை உள்ளே விட்டு அழுத்தினார். தட்டு ஒரு விரல் அகலம் வெளியே வந்தது. மீதியைக் கையால் இழுத்தார்.

சிடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வட்ட வட்டமாகக் கீறல்கள்.

"எதால துடைச்சீங்க?"

"துண்டால."

"எப்படி?"

"வலமா."

குரு, நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும், சுற்றித் துடைத்தால் எழுத்து ஓடும் வழியிலேயே கீறல் விழும் என்று விளக்கினார்.

"வலமாத்தான் சுத்தணும்னு..." என்று தம்பிரான் ஆரம்பித்தார்.

"அது கோயிலுக்கு."

தம்பிரான் தன் துண்டை ஒரு தடவை பார்த்தார்.

குரு டிரைவைக் கழற்றி, அடியில் இருந்த நான்கு திருகாணிகளையும் எடுத்து, தகட்டு மூடியைத் தூக்கினார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே, பல்சக்கரங்களுக்கு நடுவே, இரண்டு பொரியும் ஒரு பொட்டுக்கடலையும் இருந்தன. இன்னொரு பொரி அரைபட்டு மாவாகிக் கிடந்தது. தட்டின் அடியில் காய்ந்த சந்தனம்.

"இது என்ன?"

"ஆயுத பூசை" என்றார் தம்பிரான்.

கதை மெதுவாக வெளியே வந்தது. பூசையன்று கணினிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தபோது, தட்டுதான் அதற்கு வாய் என்று தோன்றியதால் தம்பிரான் அதைத் திறந்து நாலு பொரியும் கடலையும் வைத்துப் படைத்தார். சாம்பிராணி காட்டும்போது விரல் பட்டதோ என்னவோ, தட்டு தானாக உள்ளே போய்விட்டது. நாற்பது வருஷமாக அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் படைத்திருக்கிறார். எந்தக் கருவியும் இப்படி நேரடியாக ஏற்றுக்கொண்டதில்லை. கைகூப்பி நின்றார். இந்தச் சம்பவத்தை இரண்டு சொற்பொழிவுகளில் உருக்கமாகச் சொல்லியும் இருக்கிறார்.

"திரும்பக் கொடுத்துச்சா?"

"கொஞ்சம் பிரசாதமா வந்துச்சு."

"கொஞ்சம்" என்றார் குரு.

ஊக்கு முனையால் பொரியை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு காகிதத்தில் வைத்தார். பிறகு துவரம்பருப்பு அளவு இருந்த ஒரு சின்னக் கண்ணாடியைக் காட்டினார். சிடியைப் படிக்கும் கண் அதுதான். சாம்பிராணிப் புகை அதன் மேல் மஞ்சளாகப் படிந்திருந்தது. பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு, குழந்தையின் கண்ணைத் துடைப்பது போலத் துடைத்தார். காய விட்டார். மூடியைப் போட்டு, வயர்களை மாட்டி, கணினியைப் போட்டார்.

"முதல்ல வேற ஏதாவது ஒரு சிடி கொடுங்க."

தம்பிரான் ஒரு தேவார சிடியை எடுத்துக் கொடுத்தார். டிரைவ் முணுமுணுக்காமல் உள்ளே இழுத்துக்கொண்டது. மூன்று மூச்சு விடும் நேரத்தில் ஓதுவாரின் குரல் கேட்டது.

குரு சிரித்தார். தம்பிரான் சிரிக்கவில்லை. இதுவரை பழுது டிரைவில் இருக்கலாம் என்று ஓர் இடம் இருந்தது. இப்போது டிரைவ் நன்றாக இருக்கிறது. இனி சிடி படிக்காவிட்டால் காரணம் சிடிதான், சிடியைத் துடைத்த கைதான். தர்க்கம் தெரிந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இப்ப அதைப் போடுங்க."

தம்பிரான் சிடியைக் கையில் பிடித்தபடி நின்றார். இயந்திரம் இப்போதுதான் பிழைத்து எழுந்திருக்கிறது, இன்று ஓய்வு கொடுத்து நாளைக்குப் போடலாமே என்றார். அச்சகத்துக்காரர் நாளைக்குத்தான் வருகிறார் என்று குரு நினைவூட்டினார். ராகு காலம் இருக்கிறதா பார்க்கலாம் என்றார் தம்பிரான். அது எப்போதோ முடிந்துவிட்டது என்றார் குரு.

"படிக்கலைன்னாத்தான் என்ன? ஏடு..."

"ஏடு இல்லை, சந்நிதானம்."

அவர் சொல்லிவிட்டார். ஆறு, பட்டுத்துணி, பூட்டிய பெட்டி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துக் கீழே விழுந்து வணங்கினார். எழப்போனபோது வந்த முழங்கால் சத்தத்தை இந்த முறை குரு கேட்டார். எழுந்து வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"சிடி எத்தனை பிரதி போட்டீங்க?"

"ஒண்ணுதான்."

"ஏன்?"

தம்பிரான் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணு இருந்தா அது கீழ்க்கரை மடத்துக்குப் போயிடும்."

கீழ்க்கரை மடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அந்த உரையை எழுதியவர் தங்கள் மடத்து முன்னோர் என்று அவர்கள் சொல்வார்கள், இல்லை என்று இவர்கள் சொல்வார்கள். முதல் ஏடு இல்லாததால் இரு தரப்பும் சந்தேகமே இல்லாமல் இருந்தன. அறுபது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்றாம் மனிதர் மூலம் அவர்கள் எத்தனையோ முறை கேட்டும் இவர்கள் அந்தச் சுவடியைக் கண்ணில் காட்டியதில்லை.

"அங்கே கல் மண்டபம் இருக்கு, யானை இருக்கு, அச்சுக்கூடம் இருக்கு" என்றார் தம்பிரான். "அவங்ககிட்ட இல்லாதது நம்மகிட்ட இது ஒண்ணுதான்."

குரு பொத்தானை அழுத்தினார். தட்டு வெளியே வந்து காத்திருந்தது.

"போடுங்க."

தம்பிரான் போட்டார். சிடி ஒரு முறை சறுக்கி, பிறகு பள்ளத்தில் உட்கார்ந்தது. தட்டு உள்ளே போனது. டிரைவ் சுற்றியது, நிதானித்தது, மறுபடி சுற்றியது. திரையில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பெயர் வந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் சிடிக்குத் தம்பிரானே தட்டுத் தடுமாறி அடித்த பெயர். அதன் கீழே வரிசையாகப் படங்கள்.

குரு உடனே எல்லாவற்றையும் கணினிக்குள் நகலெடுக்க ஆரம்பித்தார். பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர்ந்தது. ஐம்பது. தொண்ணூறு. நூற்று முப்பத்தொன்றாவது ஏட்டில் கோடு நின்றது. டிரைவ் பழையபடி கொரகொரத்தது. தம்பிரான், வெளியே எடுத்து நேராக ஒரு தடவை துடைத்துப் போட்டால் என்ன என்று கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றார் குரு.

இருவரும் சும்மா இருந்தார்கள். அப்படி எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதைத் தம்பிரான் பின்னால் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார். கோடு நகர்ந்தது. நூற்று முப்பத்திரண்டு. பிறகு நிற்கவேயில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டும் வந்து சேர்ந்தன.

நின்ற இடத்து ஏட்டைக் குரு திறந்து காட்டினார். பழுப்பு ஓலை, கயிறு கோத்த துளை, ஓரத்தில் கரையான் போன தடம், நெருக்கமான எழுத்து. ஓர் எழுத்தும் குறையவில்லை. தம்பிரான் முதல் வரியைப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். செம்பு நிறையத் தண்ணீர் குடித்தார். பிறகு, மாலைப் பூசைக்கு முன்னால் எதையும் வாயில் வைக்காதவர், சமையற்கட்டுப் பக்கம் திரும்பி ஒரு காபி கிடைக்குமா என்று கேட்டார். கிடைத்தது. கண்ணை மூடி, சத்தம் வரக் குடித்தார். திங்கட்கிழமையிலிருந்து எந்தச் சாப்பாட்டிலும் ருசி தெரியவில்லை, இந்தக் காபியில் சர்க்கரை அதிகம் என்பது நன்றாகத் தெரிகிறது என்றார். குரு சிரித்தார். இந்த முறை தம்பிரானும் சிரித்தார்.

மேசை இழுப்பறையில் எழுதாத சிடிகள் சில கிடந்தன. குரு மூன்று பிரதிகள் எடுத்தார். ஒன்று அச்சகத்துக்காரருக்கு. ஒன்று மடத்து இரும்புப் பெட்டிக்கு. மூன்றாவதை உறையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டார்.

தம்பிரான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். பதினோரு வருஷம் மறைத்ததற்கு என்ன பிராயச்சித்தம் என்று கேட்டார். உபவாசம் என்றால் இன்று மாலையே தொடங்கத் தயார் என்றார்.

குரு உறையை நீட்டினார்.

"காலையில ஆத்தைக் கடந்து போய் இதைக் கீழ்க்கரை மடத்துல கொடுத்துட்டு வாங்க."

தம்பிரான் வாங்கிக்கொண்டார். வாங்கிய கை அப்படியே நின்றது.

"அவங்களுக்குச் சொந்தமா அச்சுக்கூடம் இருக்கு, சந்நிதானம். நமக்கு முன்னாடி அச்சடிச்சுட்டாங்கன்னா?"

குரு பெட்டியின் பக்கத் தகட்டைப் பொருத்திக்கொண்டிருந்தார். கடைசித் திருகாணியை இறுக்கினார்.

"அடிக்கட்டுமே. அப்புறம் இந்த டிரைவ் எப்ப வேணும்னாலும் கெட்டுப்போகட்டும்."